சுண்ணாம்பு சுரண்டுகிறவர்கள்

வார விடுமுறைக்கு ஜோடியாகக் கிளம்புகிறவர்கள் கடலைப் பார்க்கப் போவார்கள், மலையைப் பார்க்கப் போவார்கள், ஒன்றும் தோன்றாவிட்டால் எங்கேயாவது ஓர் அறை எடுத்து நன்றாகத் தூங்கிவிட்டு வருவார்கள். வாரம் பூராவும் சுண்ணாம்பைச் சுரண்டிப் பிழைக்கிற இரண்டு பேர், ஓய்வு வேண்டும் என்று கிளம்பி, டிக்கெட் வாங்கிச் சுண்ணாம்பையே பார்க்கப் போனது இந்த ஒரு ஜோடியாகத்தான் இருக்கும்.

அவள் ஒரு பல் கிளினிக்கில் பல் சுத்தம் செய்பவள். டாக்டர் வருவதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லி, பல்லின் பின்பக்கம் கெட்டிப்பட்டுக் கிடக்கிற காரையைச் சுரண்டி எடுப்பது அவள் வேலை. அவன் வீடு வீடாகப் போய் வாட்டர் ஹீட்டர் பழுதுபார்ப்பவன். உப்புத் தண்ணீர் ஓடி ஓடி டேங்குக்குள் வெள்ளையாகப் படிந்துபோகிற சுண்ணாம்பை ஆசிட் விட்டுக் கரைப்பது அவன் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு ஒரு வாய் பார்த்தேங்க, அப்படியே குகைதான்" என்பாள் அவள். "அது என்ன பெரிசு, இந்த டேங்கைப் பாரு" என்று அவன் போனை நீட்டுவான். இப்படிப் பேசிப் பேசித்தான் ஒருநாள் நிஜமாகவே குகையைப் பார்த்துவிடுவது என்று முடிவானது. பிள்ளைகள் இரண்டையும் அவளுடைய அக்கா வீட்டில் விட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னால் ஒரு முறை போனதோடு சரி. அதன்பின் இருவர் மட்டும் போகிற பயணம் இதுதான். வழியெல்லாம் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்து, பாதி வார்த்தை மறந்துபோன பாட்டுகளாகப் பாடிக்கொண்டு வந்தாள்.

லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் கணவன்மார்கள் ஜன்னலைத் திறப்பார்கள், கட்டிலை அமுக்கிப் பார்ப்பார்கள். இவன் நேராகக் குளியலறைக்குப் போய் ஷவரைத் திறந்தான். சுண்ணாம்புப் பாறை ஊர், தண்ணீரும் அப்படித்தான் இருக்கும். ஷவர் துளைகளில் முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, மிச்சத்தில் தண்ணீர் திசைக்கு ஒன்றாகப் பீய்ச்சியது.

"ஐயோ பாவம், மூச்சு முட்டுது பாரு இதுக்கு" என்றான்.

"ஏங்க, வேணாங்க. ரெண்டு நாள் அதைச் சும்மா விடுங்களேன்."

அவன் கேட்பவனா? காருக்குப் போய்த் தன் ஆசிட் பாட்டிலை எடுத்துவந்தான். பிளாஸ்டிக் மக்கில் ஊற்றித் தண்ணீர் கலந்து, ஷவர் தலையைக் கழற்றி அதில் ஊறப்போட்டான். "பொண்டாட்டியோட ஊர்சுத்த வரும்போது ஆசிட் பாட்டிலையும் கூட்டிட்டு வர்ற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்தப் பயணத்தில் இருவரும் மனசு விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

மத்தியானம் குகைக்குப் போனார்கள். வாசலில் எல்லோருக்கும் ஹெல்மெட் கொடுத்தார்கள். கைடு ஒரு இளம்பெண். தினமும் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் அந்தக் குகை தன் சொந்தப் பாட்டன் சொத்து என்பதுபோல ஒரு பெருமை அவளுக்கு இருந்தது.

"மேல தொங்குறதை நாங்க விழுதுன்னு சொல்வோம்" என்று டார்ச் அடித்துக் காட்டினாள். "ஒரு சொட்டுத் தண்ணி அங்க வந்து நிக்கும். தண்ணி போயிடும், அதுல இருந்த சுண்ணாம்பு மட்டும் தங்கிடும். அப்படியே சொட்டுச் சொட்டா வளருது. இது உங்க விரல் நீளத்துக்கு வளர்றதுக்குள்ள நாமளும் இருக்க மாட்டோம், நம்ம பேரப் பிள்ளைங்களும் இருக்க மாட்டாங்க. அதனால தயவுசெஞ்சு யாரும் தொடாதீங்க. கையில இருக்கிற எண்ணெய் பட்டாக்கூட வளர்ச்சி நின்னுடும்."

ஏழெட்டுப் பேர் கொண்ட கூட்டம் அது. அதில் ஒரு அப்பாவும் அவருடைய பெண்ணும் இருந்தார்கள். பெண்ணுக்கு ஒன்பது வயது இருக்கலாம், சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். தொடாதே என்று சொன்னால் தொட்டுப் பார்க்கிற வயசு. கைடு அவளை இரண்டு தடவை அதட்டிவிட்டாள். "பாப்பா, கை பாக்கெட்டுக்குள்ள" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. நல்ல மனுஷன் என்று இவள் நினைத்துக்கொண்டாள். தன் வீட்டில் நடக்கிற கூச்சலை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்படவும் செய்தாள்.

உள்ளே போகப் போகக் கூரை தாழ்ந்துகொண்டே வந்தது. ஓரிடத்தில் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில், அவள் முகத்துக்கு நேராக, மெல்லிய வெள்ளைக் குழல்கள் தொங்கின. ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா பருமன்தான். அதில் ஒன்றின் மேல்முனையில், கூரையோடு ஒட்டுகிற இடத்தில், பழுப்பாக ஒரு விளிம்பு இருந்தது. அவளுக்கு அந்த விளிம்பு நன்றாகத் தெரியும். கீழ்வரிசை முன்பற்களின் பின்பக்கத்தில் தினமும் பார்க்கிற விளிம்பு. அதன் அடியில் சரியான கோணத்தில் ஒரு நெம்பு நெம்பினால் முழுசாகப் பெயர்ந்து வரும். அப்படி வரும்போது கிடைக்கிற நிம்மதியை அந்தத் தொழில் செய்கிறவர்களுக்குத்தான் புரியவைக்க முடியும்.

"இப்ப எல்லா லைட்டையும் அணைக்கப் போறேன்" என்றாள் கைடு. "முழு இருட்டுன்னா என்னன்னு பாருங்க. பயப்படாதீங்க, அசையாம நில்லுங்க."

விளக்குகள் அணைந்தன. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருக்கிற இருட்டு. யாரோ ஒருவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவளுடைய கைகளோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை செய்தே பழகியவை. கடைவாய்க்குப் பின்னால் எதுவும் தெரியாது, விரல்தான் பார்க்க வேண்டும். அவளைக் கேட்காமலே வலது கை மேலே போனது. கட்டைவிரல் நகம் அந்த விளிம்பைத் தேடிக் கண்டுபிடித்தது. ஒரே ஒரு நெம்பு.

டக்.

இடது கை அதை ஏந்திக்கொண்டது. அதுவும் பழக்கம்தான். கையில் சில்லென்று ஒன்று வந்து விழுந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. அதைக் கைக்குட்டைக்குள் பொத்தி ஹேண்ட்பேக்கில் திணித்தாள். உடனே "ஐயோ, உடைச்சிட்டேன்" என்று கத்தியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"யாரது?" என்றாள் கைடு. விளக்கு வந்தது. டார்ச் கூரையில் அலைந்து ஓரிடத்தில் நின்றது. குழல் இருந்த இடத்தில் ஈரமாக ஒரு சின்ன வெள்ளை வட்டம். கைடு திட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது இவளுக்கு.

சிவப்பு ஸ்வெட்டர் பெண் இவளுக்குப் பக்கத்தில், தடுப்பின் கீழ்க்கம்பியில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். இருட்டில் பயந்து மேல்கம்பியைப் பிடிக்கக் கையை வெளியே எடுத்திருந்தாள். கைடின் டார்ச்சும் எல்லோருடைய பார்வையும் அந்தக் கைமேல் விழுந்தன.

"பாப்பா" என்றார் அப்பா.

"நான் இல்லப்பா."

இவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இருட்டில் அவன் அவளை ஒட்டித்தான் நின்றிருந்தான். அவள் தோள் அசைந்தது அவனுக்குத் தெரியும். அவன் இறுக்கிப் பிடித்தான், அவள் வாய் மூடிக்கொண்டது. நியாயமாகச் சொன்னால், அவன் பிடித்ததால் மட்டும் அது மூடவில்லை. பிடித்தது அவளுக்கு வசதியாக இருந்தது.

"நான் பார்த்துக்கறேம்மா" என்று அப்பா கைடிடம் சொன்னார். "தப்பு செஞ்சிருந்தா என் பொண்ணு ஒத்துப்பா. எனக்கு ஒரு சாயங்காலம் டைம் குடுங்க. நாளைக்குக் காலையில நாங்களே ஆபீஸுக்கு வர்றோம்."

காரில் ஏறியதும் அவள் அழுதாள். "நான் போய்ச் சொல்லிடறேங்க."

"சொல்லலாம். ஆனா யோசிச்சுப் பாரு" என்றான் அவன், சாவியைத் திருப்பாமல். "குழந்தைன்னா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு விட்டுடுவாங்க. நீன்னா கேஸ் போடுவாங்க. கிளினிக்ல வேலை செய்யறவ மேல கேஸ்னா, டாக்டர் உன்னை வெச்சுப்பாரா? அந்தக் குழந்தைக்கு இது நாளைக்கே மறந்துபோகும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தனக்குச் சாதகமான பேச்சு எதுதான் கேட்க நியாயமாக இல்லை? அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, பாடவில்லை.

லாட்ஜுக்கு வந்து பார்த்தால், அந்த அப்பாவும் பெண்ணும் பக்கத்து அறை. நடுவில் இருந்தது சுவர் என்று பேர்தான். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் முகத்தைத் துடைத்துக்கொள்ளலாம்.

முதலில் அப்பாவின் குரல் கேட்டது. "உக்காரு பாப்பா. அப்பாவுக்குக் கோபமே இல்ல. நடந்ததை மட்டும் சொல்லு."

"நான் உடைக்கலப்பா."

"சரி. லைட் அணைஞ்சப்ப உன் வலது கை எங்க இருந்துச்சு?"

"பாக்கெட்ல."

"லைட் வந்தப்ப?"

"கம்பில."

"அப்ப நடுவுல வெளிய வந்திருக்கு. எப்ப வந்துச்சு?"

இவள் அக்கா வீட்டுக்குப் போன் போட்டாள். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "தம்பிதாம்மா கிண்ணத்தை உடைச்சான், என்னைத் திட்டறாங்க பெரியம்மா" என்று மூத்தது புகார் சொன்னது. அப்புறம் பேசறேன் என்று இவள் வைத்துவிட்டாள். ஹேண்ட்பேக்கைத் திறந்தாள். கைக்குட்டை மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

அவன் குளியலறை வாசலில் நின்றிருந்தான். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

மக்கில் ஷவர் தலைக்குப் பக்கத்தில் அந்தக் கல் கிடந்தது. சுற்றிலும் பொசுபொசுவென்று நுரை. சோடா பாட்டிலைத் திறந்தாற்போல ஒரு சின்னச் சத்தம்.

"பையில வெச்சுக்கிட்டு எங்க போறது? யாராவது பார்த்தா?" என்று அவன் கிசுகிசுத்தான். "உனக்காகத்தான்."

உனக்காகத்தான் என்பது உண்மை. அவன் மோசமானவன் அல்ல. வாடிக்கையாளர் வீட்டில் ஒரு சொட்டு ஆசிட் தரையில் பட்டாலும் வலியப் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறவன். பெண்டாட்டி என்று வந்ததும் புத்தி கோணிவிட்டது. கோணிய புத்திக்குக் கையில் அகப்பட்டது, தினமும் செய்கிற வேலை.

அவள் மக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பல் துலக்குகிற பிரஷ் பக்கத்திலேயே இருந்தது. அதன் காம்பால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் கல் வெளியே வந்திருக்கும், பாதியாவது மிஞ்சியிருக்கும். அவள் கையை நீட்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் "நான் இல்லப்பா" என்று கேட்டது. கல் மெலிந்தது. "நான் இல்லப்பா" என்று மறுபடி கேட்டது. கல் ஊசியாகி, ஊசி இரண்டாகி, இரண்டும் இல்லாமல் போயிற்று. நுரையும் அடங்கியது. அவளுக்குள் எங்கேயோ ஓர் ஓரத்தில், அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எழுந்து போய்க் கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையணையால் காதை மூடிக்கொண்டாள்.

மூடினாலும் கேட்டது. அப்பா அடிக்கவில்லை, அதட்டவில்லை, அலுத்துக்கொள்ளக்கூட இல்லை. அதே குரலில் அதே கேள்வியை வேறு வேறு வாசல் வழியாகக் கொண்டுவந்தார். "தெரியாம பட்டிருக்கலாம் இல்ல?" "பட்டதே உனக்குத் தெரியாம இருந்திருக்கலாம் இல்ல?" "அப்ப உடைக்கவே இல்லன்னு உன்னால உறுதியாச் சொல்ல முடியாது, அப்படித்தானே?" குழந்தை அழுதது, நிறுத்தியது, தண்ணீர் கேட்டது, மறுபடி அழுதது. அப்புறம் ரொம்ப மெல்லிசாக, "ஆமாப்பா."

"என்ன ஆமா? முழுசாச் சொல்லு கண்ணு."

"நான்தான் உடைச்சேன்."

"சபாஷ்! இதுதான் என் பொண்ணு."

இவன் கட்டில் விளிம்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களைத் தவிர்க்க வழியில்லை. இருந்ததே நாலு மேஜை. அப்பா தானாகவே வந்து பேச்சுக் கொடுத்தார். அவர் முகம் பரீட்சையில் பிள்ளை முதல் மார்க் வாங்கியதுபோல மலர்ந்திருந்தது.

"நீங்களும் அங்க இருந்தீங்களே. ஒத்துக்கிட்டா சார். ஒரு அடி இல்ல, ஒரு திட்டு இல்ல. நான் இன்சூரன்ஸ் கம்பெனில க்ளெய்ம் விசாரிக்கிறவன். வண்டியைத் தானே கொளுத்திட்டு எரிஞ்சிடுச்சுன்னு வருவாங்க, அவங்களையே பேச வைப்பேன். பொறுமைதான் சார் முக்கியம். நாளைக்குக் காலையில குகை ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் அவளே மன்னிப்பு கேக்கப் போறா. இல்ல பாப்பா?"

பாப்பா ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னதற்குப் பரிசு. "ஆமா, நான்தான் உடைச்சேன்" என்றாள், யாரும் கேட்காமலேயே.

தினமும் எத்தனையோ பேர் இவள் நாற்காலியில் சாய்ந்து, ரெண்டு வேளையும் தேய்க்கிறேன் என்று கூசாமல் சொல்கிறார்கள். பொய் சொல்கிற வாய் எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரியும். ஆனால் தன் பொய்யைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்ட வாயை இப்போதுதான் பார்த்தாள். அந்தப் பெண் தன் வலது கட்டைவிரலை மேஜைக்கு மேலே வைத்து, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் குழந்தைக்கு நாளைக்கே மறந்துபோகும் என்று எந்த மடையன் சொன்னான், அதை எந்த மடைச்சி கேட்டாள் என்று இருந்தது.

அறைக்கு வந்ததும், "காலையில நான் சொல்லப் போறேன்" என்றாள்.

"என்னன்னு சொல்லுவே? கல்லுகூட இல்லையே இப்ப."

"அதைக் கரைச்சது யாரு?"

அவன் கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். கேட்டவளும் விளக்கை அணைத்துவிட்டாள், ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது அவள்தான்.

காலையில் வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில் அவர்களைப் பிடித்தாள். அப்பா டிக்கியில் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தார். பெண் தலைசீவி, ஸ்வெட்டர் பொத்தான்களையெல்லாம் போட்டு, மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றிருந்தாள். உதடுகள் அசைந்தன, சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"சார், அதை உடைச்சது நான்" என்றாள் இவள். இரவெல்லாம் நீளமாகத் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் ஓடிப்போய், இவ்வளவுதான் வந்தது. "பாப்பா உடைக்கல. இருட்டுல என் கை... நான் பல் சுத்தம் பண்றவ சார், கை தானாப் போயிடுச்சு. அவளை அங்க கூட்டிட்டுப் போகாதீங்க. நான் வந்து சொல்றேன்."

அப்பா டிக்கியை விட்டுத் திரும்பினார். பிறகு அன்பாகச் சிரித்தார். "உங்களுக்கு இளகின மனசு மேடம். நேத்து சாப்பிடும்போதே கவனிச்சேன், உங்க கண்ணே கலங்கிப்போச்சு. ஆனா இப்படிக் காப்பாத்தினா அவளுக்கு என்ன புத்தி வரும்? ஒத்துக்கிட்டவ அவ. பாப்பா, யாரு உடைச்சாங்க?"

"நான்தான்."

வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலச் சட்டென்று வந்தது. இவள் குழந்தையின் முன்னால் மண்டியிட்டாள். "கண்ணு, நீ இல்லடா. நான்தான். உனக்கே தெரியும்ல?"

பெண் அப்பாவைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "இப்ப இல்லன்னு சொன்னா முதல்லேருந்து ஆரம்பிக்கணும் ஆன்ட்டி" என்றாள் மெதுவாக. "நானே சொல்லிட்டு வந்துடறேன்."

இவள் கையில் ஒரு துண்டுக் கல் இருந்திருந்தால் போதும், எடுத்துக் காட்டியிருக்கலாம். கை வெறுங்கை.

அப்போது பின்னால் அவன் வந்தான். இத்தனை நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தவன். காது மடல்கள் சிவந்திருந்தன.

"அவ சொல்றது நெசம் சார். கல்லு எங்ககிட்டதான் இருந்துச்சு. நான் அதை ஆசிட்ல கரைச்சிட்டேன்."

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. வேலைக்குப் போகிறபோது வைத்துக்கொள்கிற முகம் வந்துவிட்டது.

"எந்த ஆசிட்?"

"ஹீட்டர் கிளீன் பண்ற ஆசிட். என் தொழிலே அதுதான்."

"எதுல வெச்சு?"

"குளியலறை மக்குல. ஷவர் தலையை ஊறப்போட்டிருந்தேன்."

"ஷவர் தலையையா? லாட்ஜ் ஷவரையா? எதுக்கு?"

"அடைச்சிருந்துச்சு சார்" என்றான் அவன் பரிதாபமாக.

"கல்லு கெட்டியா இருந்துச்சா?"

"இல்ல சார், உள்ள ஊசி போற மாதிரி ஓட்டை. அதனாலதான் சீக்கிரம் கரைஞ்சது. வெளியிலயும் பிடிக்கும், உள்ளயும் பிடிக்கும்."

அப்பா மேற்கொண்டு கேட்கவில்லை. விடுமுறைக்கு வந்த இடத்தில் லாட்ஜ் ஷவரைச் சுத்தம் செய்தேன் என்று எவனும் கற்பனை பண்ணிச் சொல்ல மாட்டான். எத்தனையோ புளுகைக் கேட்டவருக்கு உண்மையின் கோணங்கித்தனம் தெரிந்திருந்தது. டிக்கியை மூடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு மெல்ல மெல்ல உறைப்பது முகத்தில் தெரிந்தது. இவள் மனசுக்குள் கும்பிட்டாள். இப்போது குழந்தையைத் தூக்கிக்கொள்வார், மன்னிச்சிடு பாப்பா என்பார், நம்மை எப்படித் திட்டினாலும் திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டு வேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது.

அவர் திட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகளிடம் போனார். அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"பாப்பா, அப்பாவுக்குக் கோபமே இல்ல" என்றார். "நீ உடைக்கவே இல்ல. சரி. அப்ப நேத்து ஏன் பொய் சொன்னே?"

பெண் ஸ்வெட்டர் பொத்தான் ஒன்றைப் பிடித்துத் திருகினாள். "நீங்கதான்ப்பா..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை.

"சார், வேணாம் சார்!" என்றாள் இவள். "குழந்தை என்ன பண்ணும்? தப்பு எங்களது."

"உங்க தப்பை நீங்க சொல்லிட்டீங்க மேடம், ரொம்ப நன்றி. ஆபீஸ்லயும் போய்ச் சொல்லிடுங்க. இது எனக்கும் என் பொண்ணுக்கும் நடுவுல." அவர் பின்கதவைத் திறந்து மகளை உள்ளே உட்காரவைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கார் ஜன்னல் கண்ணாடி மேலே ஏறியது. வண்டி கிளம்பவில்லை.

உள்ளே அவர் உதடுகள் பொறுமையாக அசைந்தன. குழந்தை, இல்லை என்று தலையாட்டினாள். அவர் இன்னொன்று கேட்டார். மறுபடி இல்லை என்று ஆட்டினாள்.

இவள் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள். இந்தத் தடவை அவன் அவள் கையைப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் போய் அவனும் தட்டினான். அப்பா நிமிர்ந்து பார்த்து, கோபமில்லாமல், ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். இவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் இவர்கள் பக்கம் பார்க்காமல், மெதுவாக, ஆமாம் என்று தலையாட்டினாள். எந்தக் கேள்விக்கு என்று வெளியே கேட்கவில்லை.